கடற்பாசிக் கரைசலைக் குழாயில் சூடேற்றுதல்: நியூட்டன் விதிக்கு அடங்காத பாய்மங்களின் ஓட்டத்துக்கும் வெப்பத்துக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

சாயல்குடி, கடலாடி வட்டாரத்தில் பதநீர் காய்ச்சுகிறவர்கள், பாகு பதத்துக்கு வந்துவிட்டதா என்பதை அகப்பையில் மொண்டு ஊற்றிப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். படிகம் விழத் தொடங்கும் வரை, கிளறும் வேகத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் அந்தப் பாகின் இயல்பு மாறுவதில்லை. அதில் மிஞ்சியிருக்கும் நீரும் அடுப்பின் சூடும் மட்டுமே அதன் கெட்டித்தன்மையைத் தீர்மானிக்கின்றன. பள்ளிப் பாடநூலில் நாம் படித்த ‘பாகுநிலை’ என்ற சொல் இந்தப் பாகிலிருந்து பிறந்ததுதான். ஒரு திரவத்துக்கு ஒரு வெப்பநிலையில் ஒரே ஒரு பாகுநிலை எண்தான் உண்டு என்ற எண்ணமும் அந்தச் சொல்லோடு சேர்ந்தே நம் மனத்தில் பதிந்துவிட்டது. அதே எண்ணத்துடன் கடற்கரை ஊரான மண்டபத்துக்கு வந்து, கடற்பாசியைக் காய்ச்சி எடுத்த கரைசலைக் குழாயில் ஏற்றினால் கணக்கு தப்பிவிடும்.

இராமநாதபுரம் கடற்கரையில் பாசி எடுப்பதும் வளர்ப்பதும் பழகிய தொழில்கள். அதைப் பதப்படுத்துவது இப்போது கவனம் பெற்றுவருகிறது. வலமாவூரில் பல்நோக்குக் கடற்பாசிப் பூங்காவுக்கு 2023இல் அடிக்கல் நாட்டப்பட்டது. சிறிய அளவில் பாசிக் கரைசலைச் சூடேற்றவோ ஆறவைக்கவோ வேண்டியிருப்பவர்களையும், அதைப் பாடமாகப் படிக்கும் பாலிடெக்னிக், பொறியியல் மாணவர்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். மேல்நிலைப் பள்ளி இயற்பியலும் ஒரு அறிவியல் கணிப்பானும் இருந்தால் போதும். இதில் வரும் கணக்கு எண்கள் செய்முறையை விளக்க நானே எடுத்துக்கொண்டவை. உங்கள் கரைசலுக்கு நீங்கள்தான் அளந்தாக வேண்டும். எந்தப் படியில் ஐயம் வந்தாலும், ‘குழாயின் சுவரோரத்தில் என்ன நடக்கிறது?’ என்று கேட்டுக்கொள்ளுங்கள். அழுத்தமும் வெப்பமும் அங்கேதான் முடிவாகின்றன.

முதற்படி: கையிலிருப்பது எந்த இனம் என்று அறிதல்

அடுக்கி வைத்த ஓலைச் சுவடியின் மேலேட்டை உள்ளங்கையால் பக்கவாட்டில் தள்ளினால், ஒவ்வொரு ஏடும் தனக்குக் கீழுள்ள ஏட்டைவிடச் சற்று முந்திச் சறுக்கும். பாய்மமும் குழாயில் இப்படித்தான் அடுக்கடுக்காகச் சறுக்குகிறது. தள்ளும் விசையை ஏட்டின் பரப்பால் வகுத்தால் கிடைப்பது சறுக்குத் தகைவு. அடுத்தடுத்த அடுக்குகளின் வேக வேறுபாட்டை அவற்றுக்கிடையே உள்ள தொலைவால் வகுத்தால் கிடைப்பது சறுக்கு வீதம். இவ்விரண்டும் நேர்விகிதத்தில் இருக்கும் என்று 1687இல் நியூட்டன் முன்வைத்தார். நீர், எண்ணெய், பாகு எல்லாம் இந்த விதிக்கு அடங்கும். அடங்காதவற்றைத்தான் நியூட்டன் விதிக்கு அடங்காத பாய்மங்கள் என்கிறோம். அவற்றில் தகைவை வீதத்தால் வகுத்துப் பெறும் எண்ணுக்குத் ‘தோற்றப் பாகுநிலை’ என்று பெயர். ஓட்டத்தின் வேகம் மாறினால் அதுவும் மாறிவிடும் என்பதால் இந்தப் பெயர்.

அடங்காதவையும் ஒரே இனமல்ல. மண்டபத்தார் வடகடல் என்று சொல்லும் பாக் நீரிணைப் பக்கத்தில், தேவிபட்டினம், தொண்டி ஓரங்களில், சேற்றில் கால் வைத்தவர்களுக்கு ஓர் இனம் தெரிந்திருக்கும். குறிப்பிட்ட அளவு தள்ளும் வரை அது திடப்பொருள்போல் நிற்கும், அந்த அளவைத் தாண்டியதும் இளகி ஓடும். அந்த எல்லைக்கு இளகு தகைவு என்று பெயர். இதை முறையாக ஆராய்ந்தவர் பிங்காம். ‘ரியாலஜி’ என்ற துறைப்பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவரும் அவரே.

இரண்டாவது இனம் தள்ளத் தள்ள இறுகுவது. தென்கடல் பக்கம், அதாவது மன்னார் வளைகுடாப் பக்கம், அலை வடிந்த ஈரமணலில் நடந்தால் பாதத்தைச் சுற்றிச் சட்டென்று மணல் வெளுத்து உலர்ந்ததுபோல் தெரியும். அழுத்தும்போது மணிகள் ஒன்றையொன்று தள்ளி இடைவெளி பெருக, மேற்பரப்பு நீர் உள்ளே இழுபடுவதே காரணம். இதை 1885இல் விளக்கியவர் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ். குழாய் ஓட்டத்தைப் பற்றி 1883இல் அவர் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்த ரெனால்ட்ஸ் எண்ணைத்தான் பின்னர் பயன்படுத்தப் போகிறோம். சோளமாவை நீரில் கெட்டியாகக் கரைத்துக் குத்தினால் இறுகுவதும் இதற்கு உறவுடைய நிகழ்வு, ஆனால் முழுக்க அதுவே அல்ல.

நம் பாசிக் கரைசல்கள் பெரும்பாலும் மூன்றாவது இனம்: வேகமாகச் சறுக்கச் சறுக்க இளகுபவை. கட்டக்கோரையிலிருந்து வரும் ஆல்ஜினேட்டும், ஊரார் ‘பெப்சிப் பாசி’ என்று அழைக்கும் காப்பாபைகஸிலிருந்து வரும் காரஜீனனும் நீளமான சங்கிலி மூலக்கூறுகள். ஓட்டம் மெதுவாக இருக்கும்போது அவை சுருண்டு ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கும். ஓட்டம் வலுத்தால் சிக்கல் பிரிந்து ஓட்டத்தின் திசையில் நீண்டு படுத்துவிடும். மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் தரும் அகார் சூடாக இருக்கும்போது சாதுவாக ஓடும். ஆறும்போது அதன் குணமே வேறு. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

இந்த வழிகாட்டியின் கணக்கு முழுவதும் சோடியம் ஆல்ஜினேட் கரைசல் ஒன்றைப் பற்றியது. வடிகட்டும் முன் அதை இளக்குவதற்காக, வெளியே வெந்நீர் உறை போட்ட குழாயின் வழியே செலுத்திச் சூடேற்றுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நெடுநேரம் சூட்டில் கிடந்தால் ஆல்ஜினேட்டின் சங்கிலிகள் அறுபட்டுக் கரைசல் நிரந்தரமாக நீர்த்துப்போகும். அண்டாவில் போட்டுக் காய்ச்சாமல் குழாயில் ஓடவிட்டு விரைவாகச் சூடேற்றுவது இதனால்தான்.

இரண்டாம் படி: ஓர் உயரக் குழாயை வைத்து அளத்தல்

விலையுயர்ந்த சுழல் பாகுமானி இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் வேலை நிற்காது. நான்கு அங்குல பி.வி.சி. குழாய் ஒன்றை நிமிர்த்தி நிறுத்தி, அதன் அடியில் 10 மி.மீ. உள்விட்டமும் 1 மீட்டர் நீளமும் கொண்ட மெல்லிய குழாயைக் கிடைமட்டமாகப் பொருத்துங்கள். நிமிர்ந்த குழாயில் கரைசலைக் குறிப்பிட்ட உயரம் வரை நிரப்பி, மட்டம் இறங்காமல் மேலிருந்து ஊற்றிக்கொண்டே, ஒரு நிமிடத்தில் வெளியே வரும் கரைசலை அளவுக் குடுவையில் பிடியுங்கள்.

35 °செ வெப்பநிலையில் கரைசலின் உயரம் 0.5 மீட்டராக இருந்தபோது 45 மி.லி., 1 மீட்டரில் 180 மி.லி., 2 மீட்டரில் 720 மி.லி. கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். நீராகவோ பாகாகவோ வரிச்சீர் ஓட்டத்தில் (அடுக்குகள் ஒன்றோடொன்று கலக்காத ஓட்டத்தில்) இருந்திருந்தால் உயரம் இரட்டிக்கும்போது ஓட்டமும் இரட்டித்திருக்கும். இங்கே நான்கு மடங்காகிறது. இந்த ஒரு பார்வையிலேயே கரைசலின் இனம் தெரிந்துவிடுகிறது. எவ்வளவு என்பதையும் சொல்லிவிடலாம்: 2இன் மடக்கையை 4இன் மடக்கையால் வகுத்தால் 0.5. இதுவே நடத்தை அடுக்கு. நியூட்டன் பாய்மத்துக்கு இது 1. இளகும் பாய்மத்துக்கு 1க்குக் கீழே. இறுகும் பாய்மத்துக்கு மேலே.

இனி இரண்டாவது எண், தடிப்புக் கெழு. உயரம் 1 மீட்டர், அடர்த்தி 1010, புவியீர்ப்பு 9.81 ஆகியவற்றைப் பெருக்கினால் அழுத்தம் சுமார் 9,900 பாஸ்கல். சுவரில் உள்ள சறுக்குத் தகைவு என்பது அழுத்தத்தை விட்டத்தால் பெருக்கி, நீளத்தின் நான்கு மடங்கால் வகுத்தது, அது 24.8 பாஸ்கல். நிமிடத்துக்கு 180 மி.லி. என்றால் மெல்லிய குழாயில் சராசரி வேகம் நொடிக்கு 0.038 மீட்டர். வேகத்தை 8ஆல் பெருக்கி விட்டத்தால் வகுத்தால் நொடிக்கு 30.6, நியூட்டன் பாய்மமாக இருந்தால் சுவரில் சறுக்கு வீதம் இதுவாகவே இருக்கும்.

நம் கரைசலுக்கு ஒரு திருத்தம் தேவை: நடத்தை அடுக்கை 3ஆல் பெருக்கி, 1 கூட்டி, அடுக்கின் 4 மடங்கால் வகுக்க வேண்டும். அடுக்கு 0.5 எனில் இது 1.25. ரபினோவிச் திருத்தம் என்று இதைச் சொல்வார்கள். இந்த வழிகாட்டியில் சுவர்த் திருத்தம் என்றே அழைக்கிறேன், ஏனெனில் வெப்பக் கணக்கிலும் இதே எண் திரும்ப வரும். ஆக உண்மையான சுவர்ச் சறுக்கு வீதம் நொடிக்கு 38.2. தகைவை இந்த வீதத்தின் வர்க்கமூலத்தால் வகுத்தால் தடிப்புக் கெழு 4 என்று கிடைக்கிறது. அடுக்கு 0.5 என்பதால்தான் வர்க்கமூலம். வேறு அடுக்கானால் அந்த அடுக்கை இடுங்கள்.

தகைவு என்பது வீதத்தை நடத்தை அடுக்குக்கு உயர்த்தி, தடிப்புக் கெழுவால் பெருக்கியது என்ற இந்தத் தொடர்பை ஆஸ்ட்வால்ட், டி வேலே ஆகிய இருவரின் பெயரால் அழைக்கிறோம். இளகு தகைவும் சேர்ந்திருந்தால் 1926இல் ஹெர்ஷலும் பல்க்லியும் தந்த வடிவத்துக்குப் போக வேண்டும். உயரத்தைக் குறைத்துக்கொண்டே வரும்போது, குழாயில் கரைசல் இருந்தும் சொட்டுக்கூட விழாத ஓர் உயரம் வந்தால் அதுவே அதற்கான அடையாளம்.

இந்த அளவீட்டில் மூன்று இடங்களில் ஏமாறலாம். மெல்லிய குழாயின் வாயில் நுழையும்போது இழக்கும் அழுத்தத்தையும் நாம் நீளத்தின் கணக்கில் எழுதிவிடுவோம். 1 மீட்டர், 2 மீட்டர் என இரு நீளங்களில் அளந்து ஒப்பிட்டால் அது வெளிப்படும். கரைசல் சுவரில் ஒட்டாமல் வழுக்கிச் சென்றால், 10 மி.மீ. குழாயும் 6 மி.மீ. குழாயும் ஒரே தகைவுக்கு இரு வேறு வீதங்களைக் காட்டும். மூன்றாவதையே பலரும் கவனிப்பதில்லை: ஆலையின் குழாயில் எந்தச் சறுக்கு வீதம் வருமோ, அதை உங்கள் அளவீடு எட்டியிருக்க வேண்டும். எட்டாத இடத்துக்குக் கோட்டை நீட்டி வரைந்து கணக்குப் போடுவது, ஆழம் தெரியாமல் காலை விடுவதுதான்.

மூன்றாம் படி: சூட்டில் எவ்வளவு இளகுகிறது

மெல்லிய குழாயை வெந்நீர்த் தொட்டிக்குள் வைத்து, ஊற்றும் கரைசலையும் அதே சூட்டில் வைத்துக்கொண்டு 35, 50, 65, 80 °செ என நான்கு இடங்களில் அளந்தால் போதும். நடத்தை அடுக்கு பெரிதாக மாறாது. தடிப்புக் கெழுதான் இறங்கும். நம் எடுத்துக்காட்டில் 35 °செ-இல் 4 ஆக இருந்தது 80 °செ-இல் 1.6 ஆகிறது என்று எடுத்துக்கொள்கிறேன். ஒவ்வொரு வெப்பநிலையிலும் அளந்து முடித்த பிறகு கரைசலை 35 °செ-க்குத் திரும்ப ஆறவைத்து இன்னொருமுறை அளவுங்கள். பழைய எண் வராவிட்டால் அது வெறும் இளக்கம் அன்று, சங்கிலிகள் அறுபட்டிருக்கின்றன.

எல்லாமே சூட்டில் இளகும் என்றும் நினைத்துவிடக் கூடாது. கேழ்வரகுக் கூழைக் காய்ச்சும்போது ஒரு கட்டத்தில் துடுப்பு நகர மறுக்கிறதே, அங்கே மாவின் மணிகள் நீரை உறிஞ்சிப் பருத்து வெடிப்பதால் சூடேறச் சூடேறக் கரைசல் கெட்டிப்படுகிறது. அத்தகைய பொருளுக்கு இந்த வழிகாட்டியின் வெப்பக் கணக்கு அப்படியே பொருந்தாது.

கரைக்கும் நீரைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நம் பகுதியின் கிணற்று நீரும் ஆழ்துளை நீரும் பல இடங்களில் உவர்ப்பும் கடினமும் உடையவை. கடின நீரிலுள்ள கால்சியம் ஆல்ஜினேட் சங்கிலிகளை ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுவிடும். அளவு மிகுந்தால் கரைசல் திட்டுத்திட்டாக உறைந்தே போகும். காவிரிக் கூட்டுக்குடிநீரில் ஒருநாளும் ஆழ்துளை நீரில் மறுநாளும் கரைத்துவிட்டு, இரண்டு நாளும் ஒரே தடிப்புக் கெழுவை எதிர்பார்க்க முடியாது. எதில் கரைக்கப் போகிறீர்களோ அதில்தான் அளக்கவும் வேண்டும். உறைக்குள் ஓடும் வெந்நீரும் மென்னீராக இருந்தால் உப்புப் படிவு குறையும்.

நான்காம் படி: குழாயில் அழுத்தம்

25 மி.மீ. உள்விட்டம், 6 மீட்டர் நீளம், நொடிக்கு 0.3 மீட்டர் சராசரி வேகம். இது மணிக்கு ஏறத்தாழ 530 லிட்டர். வேகத்தை 8ஆல் பெருக்கி விட்டத்தால் வகுத்தால் 96. சுவர்த் திருத்தம் 1.25ஆல் பெருக்கினால் சுவர்ச் சறுக்கு வீதம் நொடிக்கு 120. 2 மீட்டர் உயரத்தில் நாம் அளந்தபோது வந்த வீதம் சுமார் 150 என்பதால், அளவீட்டின் எல்லைக்குள்ளேயே இருக்கிறோம். 120இன் வர்க்கமூலம் 10.95, தடிப்புக் கெழு 4ஆல் பெருக்கினால் சுவர்த் தகைவு 43.8 பாஸ்கல். இதை நீளத்தின் 4 மடங்கால் பெருக்கி விட்டத்தால் வகுத்தால் அழுத்த இழப்பு ஏறக்குறைய 42,000 பாஸ்கல், அதாவது 0.42 பார். சாதாரணப் பம்பே இதைத் தாங்கும்.

இதே கணக்கைப் ‘பாகுநிலை ஒரே எண்’ என்ற எண்ணத்துடன் போட்டால் என்ன ஆகும்? மெதுவாகச் சுழலும் பாகுமானியில், நொடிக்கு 1 என்ற சறுக்கு வீதத்தில் அளந்து, ‘இதன் பாகுநிலை 4 பாஸ்கல்-நொடி’ என்று யாரோ சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள் என்க. நியூட்டன் பாய்மத்தின் அழுத்த இழப்பைத் தரும் பாய்சொய் சூத்திரத்தில் அதை இட்டால் அழுத்த இழப்பு 3.7 பார் வரும். இது உண்மை இழப்பைப்போல் ஏறத்தாழ ஒன்பது மடங்கு. ஓடும் குழாயின் சுவரோரத்தில் தோற்றப் பாகுநிலை 0.365 பாஸ்கல்-நொடிதான். அந்தச் சீட்டு பொய்யல்ல; அது வேறொரு சறுக்கு வீதத்தின் உண்மை. சறுக்கு வீதம் குறிப்பிடாமல் தரப்படும் எந்தப் பாகுநிலை எண்ணையும் நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஓட்டம் வரிச்சீரானதா, அடுக்குகள் குலைந்து கலக்கும் சுழற்சியானதா என்பதையும் பார்த்துவிட வேண்டும். 1955இல் மெட்ஸ்னரும் ரீடும் தந்த பொதுமைப்படுத்திய ரெனால்ட்ஸ் எண்ணைச் சுருக்கமாக இப்படிக் காணலாம்: அடர்த்தியை வேகத்தின் வர்க்கத்தாலும் 8ஆலும் பெருக்கி, சுவர்த் தகைவால் வகுக்கவும். நமக்கு 16.6 வருகிறது. நியூட்டன் பாய்மத்துக்கு 2100 அளவில் வரிச்சீர் ஓட்டம் குலையத் தொடங்கும், அடுக்கு 0.5 உள்ள பாய்மத்துக்கு 2400 அளவில். நாம் அதன் அருகில்கூட இல்லை. இளகும் பாய்மம் என்பதால் வேகப் படம் சற்றுத் தட்டையாகவும் இருக்கும்: நடுவில் ஓடும் கரைசல் சராசரியைப்போல் 1.67 மடங்கு வேகத்தில் போகிறது. நீருக்கு வரிச்சீர் ஓட்டத்தில் இது 2 மடங்கு.

ஐந்தாம் படி: வெப்பம் உள்ளே போகிறதா

இந்தப் படியில் நிதானம் தேவை. வரிச்சீர் ஓட்டத்தில் அடுக்குகள் ஒன்றோடொன்று கலப்பதில்லை. சுவரிலிருந்து நடுவுக்கு வெப்பம் கடத்தல் முறையில் மட்டுமே ஊர்ந்து போக வேண்டும். சூத்திரத்துக்குப் போகும் முன் இரண்டு நேரங்களை ஒப்பிடுங்கள். ஆரத்தின் வர்க்கத்தை வெப்பப் பரவல் திறனால் வகுத்தால், சுவரின் சூடு நடுவைச் சென்றடைய ஆகும் நேரத்தின் அளவு கிடைக்கும். கரைசலின் வெப்பக் கடத்துத்திறன் 0.6, தன் வெப்ப ஏற்புத்திறன் 4100 என்று கொண்டால் அது சுமார் 1,080 நொடி, அதாவது 18 நிமிடம். கரைசல் குழாயில் இருப்பதோ 20 நொடி. இந்த 20 நொடியில் வெப்பம் சுவரிலிருந்து ஏறத்தாழ 1.7 மி.மீ. ஆழம்தான் ஊடுருவும். குழாயைக் குறுக்கே வெட்டிப் பார்க்க முடிந்தால், ஓரத்தில் மெல்லிய சூடான வளையமும் நடுவில் உள்ளே வந்த சூட்டிலேயே இருக்கும் தடித்த தண்டும் தெரியும்.

இதை எண்ணாக்குவது கிரெட்ஸ் எண்: நொடிக்குப் பாயும் நிறையைத் தன் வெப்ப ஏற்புத்திறனால் பெருக்கி, கடத்துத்திறனாலும் நீளத்தாலும் வகுக்கவும். நிறை நொடிக்கு 0.149 கிலோ, கிரெட்ஸ் எண் 169. சுவரிலிருந்து கரைசலுக்கு வெப்பம் எவ்வளவு எளிதாக மாறுகிறது என்பதைக் காட்டுவது நசெல்ட் எண். அதற்கு, கிரெட்ஸ் எண்ணின் கனமூலத்தை 1.75ஆல் பெருக்கி, அதைச் சுவர்த் திருத்தத்தின் கனமூலத்தாலும், கரைசலின் சராசரிச் சூட்டிலும் சுவரின் சூட்டிலும் உள்ள தடிப்புக் கெழுக்களின் விகிதத்தை 0.14 அடுக்குக்கு உயர்த்தி வருவதாலும் பெருக்க வேண்டும். கடைசித் திருத்தம் 1936இல் சீடரும் டேட்டும் தந்த வழியைப் பின்பற்றியது.

சுவர் 80 °செ, உள்ளே வரும் கரைசல் 30 °செ, சராசரி 35 °செ. 169இன் கனமூலம் 5.53, சுவர்த் திருத்தத்தின் கனமூலம் 1.077; 4ஐ 1.6ஆல் வகுத்த 2.5இன் 0.14 அடுக்கு 1.137. எல்லாம் பெருக்கினால் நசெல்ட் எண் 11.9. இதைக் கடத்துத்திறனால் பெருக்கி விட்டத்தால் வகுத்தால் வெப்ப மாற்றக் கெழு, சதுர மீட்டருக்கும் ஒரு டிகிரிக்கும் 285 வாட். உட்பரப்பு 0.471 சதுர மீட்டர். நுழைவாயிலிலும் வெளிவாயிலிலும் உள்ள வெப்பநிலை வேறுபாடுகளின் கூட்டுச் சராசரியை வைத்து வெப்பச் சமன்பாட்டைத் தீர்த்தால், கரைசல் 10 டிகிரி மட்டுமே ஏறி 40 °செ-இல் வெளியே வரும். சராசரி 35 என்று முதலில் ஊகித்தது சரியாக அமைகிறது. அமையாவிட்டால் புதிய சராசரியை எடுத்து மீண்டும் ஒருமுறை போட வேண்டும்.

இதே குழாயில் இதே வேகத்தில் நீர் ஓடினால் அது சுழற்சி ஓட்டமாகி 65 முதல் 70 °செ வரை ஏறிவிடும். நீரை வைத்துச் சோதித்துவிட்டுக் கரைசலுக்கும் அதே விளைவை எதிர்பார்த்தால் ஏமாற்றம் உறுதி.

நடத்தை அடுக்கு இந்த வெப்பக் கணக்கில் தந்த பங்கு 8 விழுக்காடுதான். முழுதாக வளர்ந்த ஓட்டத்திலும் அப்படியே: மாறாத வெப்பநிலையுள்ள சுவருக்கு நசெல்ட் எண் நியூட்டன் பாய்மத்தில் 3.66, அடுக்கு 0.5 உள்ள பாய்மத்தில் 3.95. மாணவர்கள் வெப்பக் கணக்கில் அடுக்கைத் துல்லியமாக்கப் பாடுபடுவதைப் பார்த்திருக்கிறேன். அந்த உழைப்பை அழுத்தக் கணக்குக்குத் திருப்பினால் ஒன்பது மடங்குப் பிழையிலிருந்து தப்பலாம் என்பது என் கருத்து. கரைசல் அடுக்குகள் உரசுவதால் எழும் வெப்பத்தைப் பற்றியும் இங்கே கவலை வேண்டாம். அழுத்த இழப்பை ஓட்ட அளவால் பெருக்கினால் 6 வாட். சுவர் வழியே வருவது 6,000 வாட்.

ஆறாம் படி: போதாத சூட்டை எப்படிக் கூட்டுவது

நீளத்தை இரட்டித்தாலும் வேகத்தைப் பாதியாக்கினாலும் கிரெட்ஸ் எண் ஒரே அளவுதான் குறையும். எனவே இரண்டு வழியிலும் கரைசல் 45 °செ-க்கு வரும். பைப்புக்குச் செலவு செய்வதா, நேரத்தைச் செலவிடுவதா என்பது உங்கள் முடிவு.

ஒரு 25 மி.மீ. குழாய்க்குப் பதிலாக நான்கு 12.5 மி.மீ. குழாய்களை இணையாக வைப்பது இதைவிடச் சிறந்த வழி. மொத்தக் குறுக்குப் பரப்பும் வேகமும் மாறாது. உட்பரப்பு இரட்டிக்கும், வெப்பம் போக வேண்டிய தொலைவு பாதியாகும். கணக்கிட்டால் வெளிவரும் கரைசல் 52 °செ-ஐ ஒட்டி வரும். சராசரிச் சூடு உயர்ந்ததற்கேற்பத் தடிப்புக் கெழுவைத் திருத்தினால் சற்றே மாறும். அழுத்த இழப்பு 1.2 பார் அளவில். நியூட்டன் பாய்மமாக இருந்திருந்தால் விட்டம் பாதியாகும்போது இழப்பு 4 மடங்காகியிருக்கும்; நம் கரைசல் குறுகிய குழாயில் இன்னும் இளகிக்கொடுப்பதால் 2.8 மடங்கோடு நிற்கிறது. இளகும் பாய்மத்துக்குக் குறுகிய குழாய்கள் அவ்வளவு பகையல்ல. ஆனால் நான்கு குழாய்களிலும் ஓட்டம் சமமாகப் பிரிகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்: ஒன்றில் கரைசல் சற்றுக் குளிர்ந்தால் கெட்டியாகும், கெட்டியானால் மெதுவாகும், மெதுவானால் தொடர்ந்து வரும் கரைசலை மற்ற மூன்றும் பங்கிட்டுக்கொள்ளும்.

செலவு அதிகமில்லாத ஒரு வழியும் உண்டு. 6 மீட்டரை மூன்று மூன்று மீட்டராகப் பிரித்து நடுவில் கரைசல் நன்றாகக் கலந்து போகும்படி ஒரு கலப்பானைப் பொருத்தினால், சூடான வளையமும் குளிர்ந்த தண்டும் ஒன்றாகிச் சுவரோரத்துக்கு மீண்டும் குளிர்ந்த கரைசல் வரும். 10 டிகிரி ஏற்றம் 12 டிகிரியாகும்.

ஏழாம் படி: ஆறவைக்கும்போது

சூடேற்றும்போது சுவரோரம் இளகுவது நமக்குச் சாதகம். ஆறவைக்கும்போது அதே சுவரோரம் முதலில் கெட்டியாகும். ஆல்ஜினேட்டில் இது அழுத்தத்தைக் கூட்டுவதோடு நிற்கும். அகாரிலும் காரஜீனனிலும் நிற்காது.

மண்டபத்துக்கு அருகே ஒரு சிறிய கூடத்தில் கஞ்சிப்பாசி அகார்க் கரைசலை ஆறவைக்க நான் கணக்குப் போட்டுக் கொடுத்த நாள் நினைவிலிருக்கிறது. பிழை முழுக்க என்னுடையது. உறையில் ஆழ்துளை நீரை நேராக ஓடவிடச் சொன்னேன். கரைசலின் சராசரிச் சூடு 60 °செ-க்குக் கீழே போகாது என்பதால் உறையாது என்று நம்பினேன். சராசரி உறையவில்லை, சுவரோரம் உறைந்தது. அழுத்தமானியின் முள் சிறிது சிறிதாக ஏறியதைப் பார்த்தும் ‘ஆறுகிறது, கெட்டிப்படுகிறது’ என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கால் மணி நேரத்தில் வெளிவாயில் சுண்டுவிரல் தடிமனுக்குச் சுருங்கி, பிறகு நின்றே போனது. உறையில் 70 °செ வெந்நீர் ஓடவிட்டால் இளகிவிடும் என்றேன். இளகவில்லை. அகார் 32 முதல் 40 °செ அளவில் உறையும், ஆனால் உறைந்தது உருக 85 °செ வரை சூடு வேண்டும் என்பதைப் படித்திருந்தும் அந்த நேரத்தில் எண்ணிப் பார்க்கவில்லை. கடைசியில் இணைப்பைக் கழற்றி, குழாய் வடிவிலேயே நீண்டு வந்த வெள்ளைக் கூழ்மத்தை வாளியில் பிடித்தோம்.

பம்பால் ஏன் தள்ள முடியவில்லை என்பதை இளகு தகைவு சொல்லிவிடும். உறைந்த கூழ்மம் சுவரை விட்டுப் பிரிய 10,000 பாஸ்கல் தகைவு தேவை என்று வைத்துக்கொண்டால், 6 மீட்டர் நீளத்தின் 4 மடங்கால் பெருக்கி 25 மி.மீ. விட்டத்தால் வகுக்க 96 பார் வருகிறது.

எனவே ஆறவைக்கும் குழாயில் உறை நீரின் வெப்பநிலையை உறையும் புள்ளிக்குக் குறைந்தது 10 டிகிரி மேலே வையுங்கள். மேலும் ஆற வேண்டுமானால் குழாய்க்கு வெளியே தட்டுகளில் ஊற்றி ஆறவிடுங்கள். அழுத்தமானியைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்து எழுதி வையுங்கள். ஓட்ட அளவு மாறாமல் அழுத்தம் மட்டும் ஏறினால் சுவரில் ஏதோ படிகிறது என்று பொருள். வேலையை முடிக்கும்போதும் மின்சாரம் போகும்போதும், கரைசல் குழாயில் நிற்கும் முன்பே 90 °செ நீரால் அதை வெளியேற்றிவிட வேண்டும்; மின்சாரம் இல்லாத நேரத்தில் இது நடக்க, வெப்பம் காக்கும் உறை போட்ட வெந்நீர்த் தொட்டி குழாயைவிட உயரத்தில் இருக்க வேண்டும். 25 மி.மீ. குழாயின் 6 மீட்டரில் அடங்குவது 3 லிட்டருக்குச் சற்றுக் குறைவுதான். இருபது லிட்டர்த் தொட்டி ஒன்று போதும்.